வயிற்றுப் பை ஒழுகினால் முதலில் அளவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் முப்பத்திரண்டு வருடமாகத் துணி தைத்துப் பிழைக்கிறவள். அதற்கு முன்னால் அம்மாவோடு தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவள். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்து உங்கள் நாளிதழை வாங்குகிறோம். இதுவரை ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சென்ற மாதம் ரவிக்கை தைக்க வந்த ஓர் அக்கா, அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

அவருடைய மகனுக்கு இருபத்தாறு வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிற வேலை. குடலில் ஓட்டை விழுந்து, நடு இரவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவசரமாக அறுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் பை ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில மாதம் கழித்துக் குடலை உள்ளே வைத்து இணைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். "அதுவரைக்கும் இவன் தாங்கணுமே" என்றார் அந்த அக்கா. பை ஒரு நாளைக்கு நான்கு முறை ஒழுகுகிறது. பாயும் கைலியும் நனைகின்றன. பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பிட்டால்தானே ஒழுகும் என்று சோற்றையும் குறைத்துவிட்டான். பார்க்க வந்த கூட்டாளிகளைக் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டானாம்.

நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, என் சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினேன். என் வயிற்றிலும் ஒரு பை இருக்கிறது. எட்டு வருடமாக இருக்கிறது. ஊரில் அது தெரிந்தவர்கள் என் மகள், மருமகன், இன்னும் இரண்டு பேர். இந்தக் கடிதம் வெளிவந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். அந்தப் பையனைப்போல் எத்தனை பேர் எந்தெந்தத் தாமானில், எந்தெந்த லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்களோ, அவர்களில் ஒருவர் வீட்டில் இதைப் படித்தால் எனக்குப் போதும்.

எனக்கு வந்தது பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய். ஒரு வருடம் மலத்தில் இரத்தம் பார்த்தும் மூலம் என்று நினைத்து, மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டு காலத்தைப் போக்கினேன். நம் மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் ஆண்களுக்கு மிக அதிகமாக வந்தது பெருங்குடல் புற்றுநோய்தான். பெண்களுக்கு அது இரண்டாவது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் போயிற்று. என் சொந்தக்காரர்கள் எல்லாரையும் இப்போது விரட்டி விரட்டி அனுப்புகிறேன்.

ஆசனவாயையும் சேர்த்து எடுக்கவேண்டி வந்ததால் என் பை நிரந்தரம். பெருங்குடல் முனை இடப்பக்கம் வெளியே வந்திருக்கிறது. அந்த முனையைத்தான் ஸ்டோமா என்கிறார்கள். கன்னத்தின் உட்புறம்போலச் சிவந்து, எப்போதும் ஈரமாக இருக்கும். துடைக்கும்போது துளி இரத்தம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம். தொட்டால் வலிக்காது, அதில் வலி உணரும் நரம்பு இல்லை. சுற்றியுள்ள தோலுக்குத்தான் வலி, எரிச்சல் எல்லாம்.

முதல் இரண்டு மாதம் நானும் ஒழுகினேன். ஒரு பரிச வீட்டில், புதுப் பட்டுச் சேலையில், பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்த நேரத்தில் இடுப்பில் சூடு பரவியது. இலையை மடிக்காமல் எழுந்து, பின்கட்டு வழியாக வெளியே போய், வீடு வரும்வரை மகளின் துப்பட்டாவை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்று இரவு நான் நினைத்தது இதுதான்: வியாதி போய்விட்டது, ஆனால் மனுஷியாக நடமாடும் உரிமையும் அதோடு போய்விட்டது. என் கையில் ஏதோ குறை, எனக்கு ஒட்டத் தெரியவில்லை, என் விதி இது என்றே நம்பினேன்.

அதை மாற்றியது ஸ்டோமா பராமரிப்பு படித்த ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி. மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் அழுததை முழுக்கக் கேட்டுவிட்டு, ஓட்டை ஓட்டையாக வெட்டிய ஓர் அட்டையை எடுத்து என் ஸ்டோமாவின்மேல் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று 40 மில்லிமீட்டர் இருந்தது 31 ஆகியிருந்தது. நானோ அன்று வெட்டிக் கொடுத்த மாதிரி அட்டையை வைத்துக்கொண்டு பையின் ஓட்டையை இன்னும் 40க்கே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் ஊருக்கு அளவெடுத்துத் தைக்கிறவள், என் வயிற்றுக்கு அளவெடுக்கவில்லை.

எழுத வந்த விஷயத்தின் மையம் இதுதான். அறுவை முடிந்ததும் குடல் முனை வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்து, அது சுருங்கிக்கொண்டே வரும். வயிறும் மாறும். உப்பியிருந்தது தளரும், இளைத்த உடம்பு மறுபடி சதை போடும். ஆனால் நம் வீட்டில் தட்டின் ஓட்டை மட்டும் முதல் நாள் அளவிலேயே இருக்கும். (பையை உடம்போடு ஒட்டும் அந்தப் பகுதியை மிஸ்ஸிகள் பேஸ் பிளேட் என்பார்கள். எங்கள் வீட்டில் தட்டு.) ஓட்டை பெரிதானால் ஸ்டோமாவைச் சுற்றித் தோல் மூடாமல் ஒரு வளையமாகத் தெரியும். மலம் அந்த வளையத்தில் தங்கும், தோல் புண்ணாகும், புண்ணிலிருந்து நீர் கசியும், நீர் கசியும் தோலில் தட்டு ஒட்டாது, ஒட்டாத இடத்தில் இன்னும் ஒழுகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். இதில் நோயாளியின் சுத்தக்குறைவோ கைக்குறையோ எங்கும் இல்லை.

ஆகவே முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். தட்டுப் பெட்டியில் அளவு அட்டை இருக்கும். ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பெரிதாக வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டவும் கூடாது. தட்டின் விளிம்பு உரசி ஸ்டோமாவைக் காயப்படுத்தினாலும் வலி தெரியாது என்பதால், அது நமக்கு வெளிச்சமாகாது. ஸ்டோமா முழு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் அதன் வடிவத்துக்கே வெட்டுங்கள். ரவிக்கைக் கழுத்தை வட்டமாக வெட்டிவிட்டு உடம்பை அதற்குள் திணிக்க முடியுமா? வெட்டியபின் ஓட்டையின் விளிம்பை விரலால் ஒருமுறை நீவிக் கூர்மையைப் போக்க வேண்டும்.

அந்த அக்காவின் வீட்டுக்கு மறுநாள் காலையே போனேன். பையன் முதலில் என்னைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. "தம்பி, எனக்கும் இருக்கு, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன்" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். திறந்தான். தகரக் கூரை வீடு, அறைக்குள் அனல். வயிற்றைச் சுற்றித் தட்டின் நான்கு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டி, அதற்குமேல் துணி கட்டியிருந்தான். பிரித்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தோல் தீப்பட்டதுபோல் இருந்தது.

சிறுகுடலிலிருந்து வருவது என்னுடையதுபோல் கெட்டியாக இருக்காது. தண்ணீராக வரும், அதில் சோற்றையே கரைக்கும் செரிமான நீர் கலந்திருக்கும். தோலில் பட்டால் தோலையும் அரிக்கும். நான் என் பையோடு சில மணி நேரம் சமாளித்துவிடுவேன், இவனுக்கு அது ஆகாது. தட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தொடங்கினாலே உள்ளே ஒழுகுகிறது என்று பொருள். அப்போதே கழற்றி, கழுவி, புதியது போட வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டி மூடுவது, மலத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைப்பதாகும். அவன் தாய் பாசத்தில் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவியிருந்தார். எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் தட்டு பத்து நிமிடம் நிற்காது. முகத்துக்குப் போடும் பவுடர், வாசனைச் சோப்பு, பால் குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாள், கிருமி மருந்துத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கம் உள்ளவர்கள், தலையிலிருந்து வழியும் எண்ணெய் வயிற்றுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளி அன்று நான் இதில் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

அளந்து பார்த்தேன். அவன் ஸ்டோமா 28 மில்லிமீட்டர். தட்டின் ஓட்டை 38. அப்போது அறுவை முடிந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது.

அது மட்டுமில்லை. கழற்றிப் போட்ட தட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் புது வாடிக்கையாளர் வந்தால் அளவு ரவிக்கை கொண்டு வரச் சொல்வோம். எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே துணி இழுத்திருக்கிறது என்று பழைய ரவிக்கையே சொல்லிவிடும். பழைய தட்டும் அப்படித்தான். யாரும் அதைப் பார்க்காமல் சுருட்டி எறிந்துவிடுகிறார்கள். அதன் பின்புறம் எந்தப் பக்கம் கரைந்து, மலம் ஊடுருவியிருக்கிறதோ அதுதான் ஒழுகும் வாசல். இவனுக்கு எப்போதும் கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடம். படுக்க வைத்துப் பார்த்தால் வயிறு தட்டையாக இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டோமாவுக்கு அடியிலேயே ஒரு மடிப்பு விழுந்தது. தாய் அவனைப் படுக்க வைத்துத் தட்டு ஒட்டுகிறார், அவன் எழுந்து உட்கார்ந்ததும் மடிப்பு அதைக் கிளப்பிவிடுகிறது. படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து நான்கு விதமாகவும் வயிற்றைப் பார்க்காமல் எங்கே பள்ளம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நாள் குறித்துச் செய்யும் அறுவையென்றால் ஸ்டோமா மிஸ்ஸி முன்கூட்டியே நம்மை உட்காரவும் குனியவும் சொல்லி, மடிப்பு, தழும்பு, தொப்புள், இடுப்புக் கட்டு எல்லாம் தவிர்த்து, நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பேனாவால் குறிப்பார். எனக்கு அப்படிக் குறித்தார்கள். குறிக்க வரும் நாளில் நீங்கள் அன்றாடம் உடுத்துகிற துணியில் போங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று நான் பஞ்சாபி உடை போட்டுப் போனேன். பிறகு சேலை கட்டினால் பாவாடை நாடா சரியாக ஸ்டோமாவின் குறுக்கே வந்தது. நாடா இறுக்கினால் மலம் பைக்குள் கீழே இறங்க வழியில்லாமல், மேலேயே தேங்கித் தட்டுக்கடியில் புகும். நாடா வைத்த பாவாடைகளை எல்லாம் பிரித்து, நான்கு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்து, தளர்வாக, ஸ்டோமாவுக்கு மேலே நிற்கும்படி தைத்துக்கொண்டேன். என்னிடம் யார் கேட்டாலும் அப்படித் தைத்துத் தருகிறேன். ஆண்களுக்குக் கைலி முடிச்சும் பெல்ட்டும் இதே வேலையைச் செய்யும். இந்தத் தம்பிக்கு உயிர்போகிற அவசரத்தில் அறுத்தார்கள். குறிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அதனால்தான் மடிப்பின் ஓரத்தில் வந்துவிட்டது. அதில் யார்மேலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை இருப்பது வீட்டுக்கு அனுப்பிய விதத்தில். தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடைசி நாள் ஒரு தடவை மாத்திக் காட்டினாங்க. மலாய்ல சொன்னாங்க. ஃபாஹாம்னு (புரிகிறதா என்று) கேட்டாங்க, நானும் ஃபாஹாம்னு சொல்லிட்டேன். ஒரு தாள் கொடுத்தாங்க, படிக்கத் தெரியல." சந்தையில் மீன் வாங்கப் போதுமான மலாயை வைத்துக்கொண்டு, பயந்து நடுங்கிய ஒரு தாய், ஒரு முறை பார்த்ததில் எதைக் கற்றுக்கொள்வார்? கிளம்புமுன் நோயாளியோ வீட்டார் ஒருவரோ தம் கையால் இரண்டு முறையாவது முழுதாக மாற்றிக் காட்ட வேண்டும், மிஸ்ஸி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஸ்டோமா மிஸ்ஸியைப் பார்க்க நாள் குறித்துக் கொடுக்க வேண்டும், அறுவை டாக்டரைப் பார்க்கும் நாள் தனி. தமிழில் படம் போட்ட ஒரே ஒரு தாள் வேண்டும். இவை பெரிய செலவா? வார்டில் ஆள் போதாமல் ஓடி ஓடி வேலை பார்க்கிறார்கள் என்பதையும் எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரமே அவனையும் தாயையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டோமா மிஸ்ஸியைப் பார்த்தோம். அளவு எடுப்பதும் எண்ணெய் தடவாதே என்பதும் எனக்குத் தெரியும், அதற்குமேல் அவர்கள்தான் படித்தவர்கள். அவனுடைய ஸ்டோமா தோலோடு தோலாகப் பதிந்திருப்பதால், நடுவில் மேடான தட்டு கொடுத்தார். அது சுற்றியுள்ள தோலை மெல்ல அழுத்தி, ஸ்டோமாவைப் பைக்குள் நீட்டச் செய்கிறது. மடிப்பை நிரப்ப மாவுபோல் பிசையக்கூடிய வளையம் ஒன்று. பேஸ்ட் என்று குழாயில் வருவதைப் பற்றியும் சொன்னார். நாம் அதைப் பசை என்று நினைத்து அப்பிக்கொள்கிறோம், அதன் வேலை பள்ளத்தை நிரப்புவது. அளவுக்கு மீறினால் தட்டு ஒட்டுவதை அதுவே கெடுக்கும். சில பேஸ்டில் ஆல்கஹால் இருப்பதால் புண்ணில் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். நீர் கசியும் புண்ணுக்கு ஸ்டோமா பவுடர் என்று தனியாக இருக்கிறது. தூவி, ஒட்டாத மிச்சத்தை முழுக்கத் தட்டிவிட்ட பிறகே தட்டு போட வேண்டும்.

இன்னொரு தவறும் அங்கே வெளிப்பட்டது. பை நிறைந்தபோதெல்லாம் இவர்கள் தட்டையும் சேர்த்துப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதியது ஒட்டியிருக்கிறார்கள். பையின் அடிவாய் திறக்கும், கழிவறையில் உட்கார்ந்து காலி செய்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. நாளுக்கு நான்கு முறை பிய்த்தால் எந்தத் தோல் தாங்கும்? பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், பாதிக்குமேல் விடவே கூடாது. கனத்தில் அது தட்டை இழுத்துக் கழற்றிவிடும். படுக்குமுன் ஒரு முறை, இரவில் விழிப்பு வந்தால் ஒரு முறை. தட்டை மாற்றுவது வாரம் இரண்டு முறை என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றும்போதும் தட்டைப் பிடித்து இழுக்காமல், ஈரத்துணியால் தோலைக் கீழே அழுத்தி அழுத்தி, மேலிருந்து மெல்லப் பிரிக்க வேண்டும்.

மாற்றும் நேரத்தை விடியற்காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெறும் வயிற்றில், ஒரு மிடறு காப்பிகூடக் குடிக்குமுன். பால்மரத்துக்கு அது பால் நன்றாக இறங்கும் நேரம். குடலுக்கு அது ஓய்வு நேரம். நம் ஊர் வெக்கையில் வேர்வை இல்லாமல் தோல் காய்ந்திருப்பதும் அப்போதுதான். கழுவி ஒற்றியபின் காற்றாடிக்கு முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வயிற்றில் முடி இருந்தால் கத்தரித்துவிடுங்கள். தட்டை ஒட்டுமுன் இரு கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்குங்கள், ஒட்டியபின் உள்ளங்கையை வைத்து ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பொருள் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் தோலைப் பிடிக்கும். ஒட்டியதும் எழுந்து ஓடாதீர்கள். பெட்டியை வெயிலில் நிற்கும் காரிலோ தகரக் கூரைக்கு அடியில் பரணிலோ வைத்தால் தட்டு இளகிக் கெட்டுப்போகும். அந்த வீட்டில் அலமாரியின் மேல் இருந்ததை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு இருப்பதுபோல் பெருங்குடல் பை உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லை. கெட்டி மலம் கீழே இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே அப்பளம்போல் அமுங்கித் தட்டுக்கடியில் புகும். பைக்குள் காற்றே இல்லாமல் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதால் வருவது. ஒட்டுமுன் பைக்குள் கொஞ்சம் காற்றை ஊதிவிடுங்கள், வழுக்கும் திரவம் சில துளி விட்டாலும் இறங்கும். காற்று அதிகமாகிப் பை பலூனாவதும் ஆபத்துதான். பருப்பு, மொச்சை, வெங்காயம், சோடா வகை பானங்களில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பிக்குச் சாப்பாட்டைக் குறைக்காதே என்று சொன்னேன். சோறு, வாழைப்பழம், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் தண்ணீராய்ப் போவதைக் கொஞ்சம் கெட்டியாக்கும். தேங்காய்ப்பூ, சோளம், முருங்கைக்காய்ச் சக்கை சிறுகுடல் வாயில் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் முதலில் தள்ளி வைத்து, பிறகு நன்றாக மென்று கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உப்பும் நீரும் நிறைய வெளியேறுவதால், அவனைப்போன்றவர்கள் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல், கிளினிக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், பல மணி நேரம் பையில் ஒன்றுமே வராமல் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டும் பையும் விலை இலேசானதல்ல. ஒழுகினால் நான்கு நாளில் முடிகிற பெட்டி, சரியாக ஒட்டினால் பல வாரம் வருகிறது. ஆகவே ஒழுகலை நிறுத்துவதே முதல் சிக்கனம். வாங்க வழியில்லாதவர்கள் ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணி அதிகாரியைக் கேட்டுப் பார்க்கலாம். வேலையில் இருந்தபோது சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தவர்கள், தங்களுக்கு என்ன உண்டு என்று சொக்சோ அலுவலகத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரே பையைக் கழுவிக் கழுவிப் போடாதீர்கள்.

அன்று மிஸ்ஸி காத்திருந்த நேரத்தில் ஒன்று சொன்னார், தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது மனத்தில் நின்றுவிட்டது. இன்று இருக்கும் தட்டுகள் வருவதற்கு முன்னால், 1950களில், அமெரிக்காவில் டர்ன்புல் என்ற அறுவை டாக்டர் ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலைக் காக்கக் காராயா என்ற பிசினைப் பயன்படுத்தினாராம். அது இந்தியக் காட்டில் ஒரு மரத்தைக் கீறினால் வடிவது. மரத்தின் பாலை நம்பித்தான் எங்கள் மூன்று தலைமுறை சாப்பிட்டது. தோலைக் காக்கவும் ஒரு மரம்தான் முதலில் வந்திருக்கிறது. உடம்பில் ஒட்டி, பிறகு எறிந்துவிடக்கூடிய பையை 1954இல் நினைத்துப் பார்த்தவர் டென்மார்க்கில் எலிசே சொரென்சன் என்ற தாதி. அவருடைய சகோதரி தோரா அறுவைக்குப் பிறகு ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் வெளியே போகவே மறுத்தாராம். அந்த டர்ன்புல் 1958இல் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வைத்த நார்மா கில் என்ற பெண்ணுக்கும் வயிற்றில் ஸ்டோமா இருந்திருக்கிறது. இதைக் கேட்டபோது அந்தத் தம்பி முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தான். "அவங்களுக்கும் இருந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

நம் மக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கென்று தட்டு, டம்ளர், பாய் என்று பிரித்து வைக்காதீர்கள். இது தொற்றாது. பை சரியாக ஒட்டியிருந்தால் வாடையும் வராது. கோயிலுக்குப் போகலாமா, தீட்டா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். எட்டு வருடமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் என் வயிற்றிலும் இருக்கிறது.

ஏற்கெனவே பை வைத்துப் பழகியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். என்னைப்போலவே யாருக்கும் சொல்லாமல் இருப்பார்கள். உங்கள் தாமானில் ஒருவருக்குப் புதிதாக இப்படி அறுவை ஆனது காதில் விழுந்தால், அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அளவு அட்டையையும் ஒரு கத்தரியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தம்பிக்கு இப்போது தட்டு மூன்று நாள் தாங்குகிறது. புண் ஆறித் தோல் நிறம் திரும்பியிருக்கிறது. சென்ற வாரம் கூட்டாளியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, ஒட்டுக்கடை வரை போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தானாம். அவன் தாய் வந்து சொன்னார், ரவிக்கையையும் வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக அளந்தபோது 26 மில்லிமீட்டர். வரும் ஞாயிற்றுக்கிழமை எட்டு வாரம் முடிகிறது, காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான், மறுபடி அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.